பவளப்பாரில் வாழும் மீன்களுக்கு இத்தனை உருவம் எப்படி வந்தது?

பவளப்பாறைகளைப் பற்றிய செய்திகளில் இரண்டு கூற்றுகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. "பவளப்பாறை மீன்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன" என்பது ஒன்று. "மீன்களின் விதவிதமான உருவங்கள் பவளப்பாறை தந்த கொடை" என்பது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, மீனின் அளவும் உருவமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்றும், பாறை அழிந்தால் இரண்டும் ஒருசேரச் சுருங்கிவிடும் என்றும் தோன்றுவது இயல்பே. பழனி மலையிலோ நீலகிரியிலோ இருந்துகொண்டு இச்செய்திகளைப் படிப்பவருக்குக் கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. சரிபார்க்க அவரிடம் இருப்பதெல்லாம் ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் மீனும், ஊர் ஓடையில் ஒட்டிக்கிடக்கும் மீனும்தான். அவை இரண்டுமே இந்த விளக்கத்துக்குப் பெரிதும் உதவும். அளவும் உருவமும் வெவ்வேறு கணக்குகள் என்பதையும், அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதாலேயே செய்திகள் புரியாமல் போகின்றன என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில சொற்கள்

மீன்கடையில் "பாறை" என்று கேட்டால் கிடைப்பது பவளப்பாறை மீன் என்று எண்ணிவிடக் கூடாது. அது வெட்டவெளி நீரில் விரைந்து நீந்தும் ஒரு மீன் குடும்பத்தின் பெயர். அவற்றுள் சில இரை தேடிப் பவளப்பாறைப் பக்கம் வரும், அவ்வளவே. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைக் கடலோர மக்கள் "பார்" என்பார்கள். முத்துக்குளித்த இடங்களுக்கு முத்துப்பார் என்று பெயர் வந்தது அப்படித்தான். இனி இக்கட்டுரையில் பார் என்பது பவளப்பாறையையே குறிக்கும். களவா, விளைமீன், ஓரா, கிளிமீன், கிளாத்தி, அஞ்சாளை ஆகியவை பாரை அண்டி வாழும் மீன் கூட்டங்கள்.

அடுத்து, அளவு என்பதற்கும் வடிவம் என்பதற்கும் உள்ள வேறுபாடு. அளவு என்பது மீன் முழு வளர்ச்சி அடையும்போது எட்டும் நீளமோ எடையோ ஆகும். வடிவம் என்பது நீளம், உயரம், தடிமன் ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள விகிதம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மீன் தட்டில் பக்கவாட்டில் படுத்திருப்பதால், முதுகிலிருந்து வயிறு வரையுள்ள தூரத்தை நாம் "அகலம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். நீரில் நீந்தும் மீனுக்கு அதுதான் உயரம். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் இடையிலுள்ளது தடிமன். இக்கட்டுரை முழுவதும் அந்தப் பொருளிலேயே இச்சொற்கள் வருகின்றன.

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையன்று, வத்தலக்குண்டு வழியாக ஏறி வந்த தெர்மாகோல் பெட்டி திறக்கப்படும்போது, கையில் ஓர் அடிக்கோல் இருந்தால் போதும். மீன் உருவங்களை அளந்து ஆராயும் துறையின் முதல் பாடத்தை அங்கேயே செய்து பார்க்கலாம். நீளத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். சீலாவுக்கு ஏழு, எட்டு என்று விடை வரும். கிளிமீனுக்கு இரண்டரையிலிருந்து மூன்றுக்குள் நிற்கும். பெட்டியில் வராத வண்ணத்துப்பூச்சி மீனை அளக்க முடிந்தால் விடை இரண்டைக்கூட எட்டாது. அஞ்சாளையிலோ அது பத்தையும் பதினைந்தையும் தாண்டக்கூடும். இந்த ஒற்றை எண்ணுக்கு நீட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உருவத்தின் கணக்கு: நீட்சியே முதல்

இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் ஆகியவற்றின் வெப்பமண்டலப் பாறைகளில் வாழும் 56 குடும்பங்களைச் சேர்ந்த 2,939 மீன் இனங்களின் உருவங்களை ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயிரக்கணக்கான உருவங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் மிகப் பெரிய பங்கு நீட்சியினுடையது என்பதே அதன் முடிவு. கண் எங்கே இருக்கிறது, வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, துடுப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பவையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. தட்டுப்போல் உருண்டது ஒரு முனை, கயிறுபோல் நீண்டது மறுமுனை. இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் ஒவ்வொரு மீனும் நிற்கிறது.

அப்படியானால் பெரிய மீன் நீண்டும், சிறிய மீன் உருண்டும் இருக்குமா? நிலத்து விலங்குகளைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் எதிர்பார்க்கும். முதுமலைக் காட்டில் காட்டுமாட்டின் கால்களையும் சருகுமானின் கால்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். சருகுமானை அப்படியே பல மடங்கு பெருக்கினால் காட்டுமாடு ஆகிவிடாது. அந்தக் குச்சிக் கால்கள் ஒடிந்துவிடும். உடல் பெருகப் பெருக எடை கன அளவில் ஏறுகிறது, எலும்பின் வலிமையோ குறுக்குப் பரப்பின் அளவுக்கே ஏறுகிறது. கலிலியோ 1638-இலேயே எழுதிவைத்த கணக்கு இது. நிலத்தில் அளவு மாறினால் வடிவமும் மாறியே தீர வேண்டும்.

மீனுக்கு இந்தக் கட்டாயம் பெருமளவு இல்லை. நீர் உடலைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றுப்பை மிச்ச எடையையும் ஈடுசெய்கிறது. இந்தோ-பசிபிக் கரையோர மீன்களில் ஏறத்தாழ 800 இனங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் உடலிலும் 17 புள்ளிகளைக் குறித்து அளந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உருவ வேறுபாட்டில் 2.9 சதவீதத்தை மட்டுமே உடல் அளவால் விளக்க முடிகிறது என்று கண்டது. வேறு சில முதுகெலும்பு விலங்குகளில் இந்தப் பங்கு 80 சதவீதம் வரை போகிறது என்பதை நினைவில் வைத்தால்தான் அந்தச் சிறிய எண்ணின் பெருமை புரியும். ஆனால் 2.9 என்பது எல்லா மீன்களையும் ஒன்றாகப் போட்டு எடுத்த விடை. எடுத்துக்கொண்ட 11 குடும்பங்களைத் தனித்தனியே பார்த்தபோது, சிலவற்றில் பூச்சியத்தை ஒட்டியும் ஒன்றில் 50 சதவீதம் வரையும் அது மாறியது. அதாவது ஒவ்வொரு குடும்பமும் தன் அளவையும் வடிவத்தையும் தன் போக்கில் கட்டியோ அவிழ்த்தோ வைத்திருக்கிறது. செய்தித் தலைப்புகளுக்கு இது பிடிக்காத விடைதான்.

ஒரு சாண் நீளமுள்ள மீன்களை மட்டும் ஒரு பாரில் பொறுக்கி எடுத்தாலும் தட்டு, சுருட்டு, பெட்டி, இலை, கயிறு என்று எல்லா உருவமும் அதில் இருக்கும். அளவு ஒன்றாக இருந்தும் உருவம் வேறாக இருப்பதற்கு, காரணத்தைப் பிழைப்பில்தான் தேட வேண்டும்.

உருவத்தை மாற்றும் நான்கு நெருக்கடிகள்

1. ஓடுவதா, திரும்புவதா? இந்தக் கேள்வியை நீலகிரியின் நன்னீரிலேயே பார்க்கலாம். அவலாஞ்சியின் குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட், ஓடும் நீரை எதிர்த்து நிற்க ஏற்ற, நீண்டு கூம்பிய உடல் கொண்டது. 1939-இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்கு வந்த கெண்டையோ உயர்ந்து தடித்தது; தேங்கிய நீரில் அதற்கு அவசரம் இல்லை. பாரில் இதே வேறுபாடு பல படிகளாக விரிகிறது. பவளக் கிளைகளுக்கிடையே மேயும் மீனுக்கு வேகத்தைவிடச் சட்டென்று நிற்பதும், நின்ற இடத்திலேயே திரும்புவதும், ஓர் அடி பின்வாங்குவதும் முக்கியம். உயரமான, தடிமன் குறைந்த உடல் இதற்கு உகந்தது. நீந்துவதில் வாலின் பங்கு இங்கே குறைந்து, மார்புத் துடுப்புகள் துடுப்புக்கோல்களைப் போல வேலை செய்கின்றன. கிளிமீனும் அதன் சுற்றமும் அப்படித்தான் நீந்துகின்றன. அச்சுற்றத்திலேயே அலை மோதும் பாறை முகப்பில் வாழ்பவற்றுக்கு மார்புத் துடுப்பு பறவைச் சிறகுபோல் நீண்டும், அமைதியான நீரில் வாழ்பவற்றுக்கு வட்டமாகவும் இருப்பது, உடல் வடிவத்தோடு துடுப்பின் வடிவமும் நீரோட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

2. விழுங்கப்படாமல் இருப்பது. பாரில் வேட்டையாடும் மீன்களில் பல இரையைக் கடித்துத் தின்பதில்லை. களவாவைப் போல வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சி முழுதாக விழுங்குகின்றன. ஆகவே வாய்க்குள் நுழையாத உயரம் இருந்தாலே பாதி பாதுகாப்பு. முள்ளும் சேர்ந்துகொண்டால் பாதுகாப்பு இன்னும் கூடும். இதைக் கிளாத்தி மீனிடம் கையால் தொட்டே அறியலாம். முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திவிட்டால், அதை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. அதற்குப் பின்னாலுள்ள சிறிய இரண்டாம் முள்ளைத் தட்டினால் தாழ்ப்பாள் திறந்ததுபோல் முதல் முள் சரிந்துவிடும். ஆபத்து வரும்போது கிளாத்தி ஒரு பொந்துக்குள் நுழைந்து இந்த முள்ளை நிமிர்த்தித் தன்னை ஆப்புவைத்துக்கொள்ளும்; பிறகு அதை வெளியே இழுப்பது கடினம். பேத்தை மீன் தண்ணீரைக் குடித்து உருண்டையாகிறது. ஒன்று முள்ளால், மற்றொன்று வயிற்றால், இரண்டும் விழுங்குபவன் வாயைவிடப் பெரிதாகின்றன.

3. தரையோடு ஒட்டி வாழ்வது. கடல் மீன்களில் 3,344 இனங்களை அளந்து 2020-இல் வெளியான ஆய்வு, கடலடித் தரையிலேயே தங்கி வாழும் மீன்களில் உடல் உருவம் விரைவாக மாறியிருக்கிறது என்றும், மிகவும் பரந்த உடல்களும் விலாங்கைப் போன்ற மிக நீண்ட உடல்களும் அங்கேதான் பலமுறை தோன்றின என்றும் காட்டியது. மலை ஓடைக்கு இது புதிய செய்தி அன்று. பவானி ஆற்றின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய பவானியா என்ற சிறு மீன், மேற்குத்தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில் தட்டையான வயிற்றோடும் இருபுறமும் விரிந்த துடுப்புகளோடும் கல்லில் அப்பிக் கிடக்கிறது. நீரோட்டம் அதன் மேலாக வழுக்கிப் போய்விடும். மலை ஓடை மீன்களின் இத்தகைய தகவமைப்புகளை மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விரிவாக ஆராய்ந்தார். ஓடையில் ஒரே நெருக்கடி, அதாவது வெள்ளத்தின் இழுப்பு, திரும்பத்திரும்பத் தட்டை உடலையே உருவாக்குகிறது. பாரின் தரையிலோ மணல், பொந்து, பவளக்கிளை, பாறை விளிம்பு என்று தரையே பலவிதம். அதனால் விடைகளும் பலவிதம். பொந்துக்குள் புக அஞ்சாளை கயிறாக நீண்டது. பவளக்கிளைகளின் இடுக்கில் குடியிருக்கும் உளுவை என்ற சிறு மீன்களில் சில இனங்கள், தம் சுற்றத்தாரைப் போல் நீளாமல், இருபுறமும் நசுக்கியதுபோல் ஒடுங்கி உயர்ந்தன.

4. வாயின் வேலை. இது உடல் உருவத்தோடு சேர்ந்தே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே சொன்ன 2020 ஆய்விலேயே, தரை மீன்களின் உடல் விரைந்து மாறியபோதும் இரை உண்ணும் உறுப்புகள் எல்லாரையும்விட மெதுவாகவே மாறியிருந்தன. கிளிமீனில் நேர்மாறு. உடல் பெரிதாக மாறாமல், முன்பற்கள் ஒன்றிணைந்து அலகாகி, தொண்டைக்குள் இன்னொரு தாடை அம்மிபோல் அரைக்கிறது. வெட்டும்போது தலையின் அடிப்பகுதியைத் தூக்கி எறியாமல் பிளந்து பார்த்தால், வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த அந்த அரைகல் கையில் கிடைக்கும். பாறையைச் சுரண்டித் தின்று அரைத்த சுண்ணாம்பை மணலாகக் கழிப்பது இந்தக் கருவியால்தான்.

அளவின் கணக்கு: ஒரு நகம் முதல் ஓர் ஆள் வரை

பார் மீன்களில் மிகச் சிறியவை ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே முழு வளர்ச்சி அடையும் உளுவைகள். மிகப் பெரியவற்றுள் ஒன்றான இராட்சதக் களவா 2.7 மீட்டர் வரை வளரும். எடை 400 கிலோவை எட்டும். இந்த இரண்டுமே ஒரே பாரில் வாழக்கூடியவை.

சிறியவற்றின் பக்கம்தான் உண்மையில் வியப்பு அதிகம், செய்திகளில் அவை இடம்பெறுவது மிகக் குறைவு. ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான, பொந்துகளில் மறைந்து வாழும் இந்த மீன்களில் ஒன்றான ஏவியோட்டா சிகில்லாட்டாவின் முழு ஆயுள் 59 நாட்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் பதிவான மிகக் குறுகிய ஆயுள் அதுவே என்று 2005-இல் அறிவிக்கப்பட்டது. பிறந்தது முதல் மூன்று வாரம் கடலில் மிதந்து, பாரில் வந்து இறங்கி, முதிர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும் வாழ்க்கை. பாரில் உண்ணப்படும் மீன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் இத்தகைய சிறு மீன்களாலேயே வருகிறது என்று 2019-இல் வெளியான கணக்கீடு கூறுகிறது. எப்போது எண்ணினாலும் கொஞ்சமே இருப்பதுபோல் தெரிவதற்குக் காரணம், பிறக்கப் பிறக்க அவை தின்னப்பட்டுக்கொண்டே இருப்பதுதான். ஓர் ஆண்டில் பல தலைமுறை கடப்பதால், மரபு மாற்றங்கள் சேர்வதற்கும் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம்.

பெரிதாவதற்கும் காரணங்கள் உண்டு: விழுங்குபவர்கள் குறைவார்கள், ஒரு தாய் இடும் முட்டைகள் பெருகும். ஆனால் முதிர்ச்சிக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். களவாவிலும் கிளிமீனிலும் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பல இனங்களில் மீன் முதலில் பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுகிறது. இவற்றில் அளவு என்பது வெறும் உடல் நீளம் மட்டுமன்று, பால் எது என்பதையும் தீர்மானிக்கும் காரணி.

காலக்கணக்கு: உருவம் முந்தியது, இனங்கள் பிந்தியவை

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்துவைத்த பேரழிவுக்குப் பிறகு, முள்துடுப்பு மீன்கள் விரைந்து பல்கின. இத்தாலியின் மோன்டே போல்கா என்ற இடத்தில் கிடைக்கும், சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில் ஓரா மீன்களின் குடும்பமும் வேறு பல பார் மீன் குடும்பங்களும் இன்று பார்த்தாலும் அடையாளம் தெரியும் உருவத்தில் பதிந்திருக்கின்றன. இன்றுள்ள இனங்களில் பலவோ மிகப் பின்னால், கடந்த 2.3 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை. அடிப்படை உருவங்கள் முதலில் அமைந்தன. அவற்றின்மேல் நிறமும் வாயும் இரையும் மாறி இனங்கள் பின்னர் பெருகின என்று பொதுவாகச் சொல்லலாம். கிளிமீனைப் போன்ற பிற்கால வரவுகள் இதற்கு விலக்கு.

நம் மலைகளில் இனம் பிரிந்த கதையை இதனோடு ஒப்பிட்டால் தெளிவு கூடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு சிரிப்பான் குருவி, தெற்கே பழனி மலையில் இன்னொன்று. சோலைக்காடு மலையுச்சியோடு நின்றுவிடுவதால், தாழ்வான கணவாயைக் கடக்க முடியாமல் இரண்டும் தனித்தனி இனங்களாயின. ஆனால் நீலகிரிக் குருவியின் மார்புச் செம்மையையும் பழனிக் குருவியின் மார்புச் சாம்பலையும் மறைத்துவிட்டால், உருவத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பிரிவு இனத்தைத் தந்தது. பிழைப்பு மாறாததால் உருவம் அப்படியே நின்றது. பாரிலோ மீன் குஞ்சுகள் நாட்கணக்காக, வாரக்கணக்காக நீரோட்டத்தில் மிதந்து தொலைவு போகின்றன. கணவாய் போன்ற தடை அரிது. பக்கத்து வீட்டிலேயே தட்டும் கயிறும் பெட்டியும் குடியிருக்கின்றன. இனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு உருவங்களின் வகையை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பார்தானே காரணம்? ஓரளவு. கிளிமீன் அடங்கிய பெருங்குடும்பத்தில் பாரில் வாழும் கிளைகளின் உருவம், வெளியில் வாழ்பவற்றைவிடப் பலவகைப்பட்டது என 2011-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும், உறுமும் மீன்களின் குடும்பத்தில் பார்வாசிகள் வேகமாக மாறின என 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் கண்டன. அவ்விரு குடும்பங்களைக் கொண்டு எல்லா மீனுக்கும் விதி எழுதுவது அவசரம். நீள்வது, தட்டையாவது, ஒடுங்குவது எல்லாம் பாருக்கு வெளியேயும் நடந்திருக்கின்றன.

"சிறுத்துவருகின்றன" என்றால் என்ன?

இந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கக்கூடும்.

1. பெரிய மீன்கள் பிடிபட்டுச் சிறியவை மிஞ்சியிருக்கலாம். சராசரி குறையும், எந்த மீனின் மரபும் மாறியிருக்காது. பால் மாறும் இனங்களில் மட்டும் விளைவு உடனே தெரியும்: பெரியவற்றைப் பிடிப்பது ஆண்களைப் பிடிப்பதாகிவிடுகிறது.

2. வெப்பமான நீரில் அதே மீன் விரைவில் முதிர்ந்து, சிறிய அளவிலேயே வளர்ச்சியை நிறுத்தலாம். இது சூழலுக்கு உடல் தரும் மறுமொழி. குஞ்சுகளைக் குளிர்ந்த நீரில் வளர்த்தால் பழைய அளவு திரும்பக்கூடும்.

3. பல தலைமுறையாகப் பெரியவை மட்டுமே வலையில் சிக்குவதால், சீக்கிரம் முதிரும் மரபுடையவை அதிகம் பிழைத்துப் பெருகலாம். பரிணாமம் என்ற சொல் பொருந்துவது இதற்கு மட்டுமே. மீன்பிடியை நிறுத்தினாலும் இது உடனே திரும்பிவிடாது.

உருவத்துக்கு வரும் ஆபத்தின் வழி வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறியதால் நிறமிழந்து வெளுத்தது. உலகளாவிய நான்காவது பெரும் வெளுப்பு 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்டது. வெளுத்த பவளம் செத்தவுடன் மீன்கள் மறைந்துவிடுவதில்லை. எலும்புக்கூடு நிற்கும்வரை பொந்துகள் இருக்கும். சில ஆண்டுகளில் அது நொறுங்கிச் சரளையாகும்போதுதான், பவளக்கிளையின் இடுக்கை நம்பி ஒடுங்கிய உளுவைகளும், பெரிய மீன்களின் குஞ்சுகளும் ஒளிய இடமின்றிப் போகின்றன. 1998-இன் வெளுப்புக்குப் பிறகு செஷல்ஸ் தீவுகளில் சிறிய மீன்கள் குறைந்ததும், பெரியவை உடனே குறையாமல் இருந்ததும் இத்தகைய தாமதத்தையே காட்டின. கவனிக்க வேண்டியது: இங்கே சராசரி அளவு கூடியதுபோல்கூடத் தோன்றலாம். மீன்பிடி அளவைக் கீழே இழுக்கும்போது, நொறுங்கிய பார் அதை மேலே தள்ளுவதுபோல் காட்டும். ஒற்றைச் சராசரியை வைத்துக்கொண்டு பாரின் நலத்தைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

மேற்சொன்ன மூன்றில் எது நடக்கிறது என்று பிரித்தறிய இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, சினை பிடித்த மீன்களில் மிகச் சிறியதன் நீளம். மற்றொன்று, அந்த மீனின் வயது. வயதைத் தலைக்குள் இருக்கும் செவிக்கல் சொல்லும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அதிலும் வளையங்கள் உண்டு. அதை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். முதிரும் நீளம் குறைந்திருந்தால் மட்டும் போதாது. முதிரும் வயதும் ஆண்டுக்காண்டு இறங்கியிருக்க வேண்டும், நீரின் வெப்பத்தைக் கழித்த பிறகும் அந்த இறக்கம் மிஞ்சியிருக்க வேண்டும். சந்தைத் தட்டில் சிறிய கிளிமீன்கள் மட்டும் கிடப்பதைப் பார்த்து அதில் எதையும் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு எந்த வலை போட்டார்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்லும்.